சான்றிதழ் வாயிலிலேயே நின்றுபோகும் உதவித்தொகை

ஆசிரியர் அவர்களுக்கு,

பழங்குடி மாணவர்கள் கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம் என்னும் அறிவிப்பு கல்வியாண்டுதோறும் வெளிவருகிறது. எனினும் தூத்துக்குடி மாவட்டத்தின் கணியான், காட்டுநாயக்கன் ஆகிய பழங்குடிக் குடும்பங்களில் பிறந்த மாணவர் பலருக்கு அது பயன்படாமல் போகிறது. விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டிய முதல் ஆவணமாகிய எஸ்.டி. சான்று, அதாவது பழங்குடியினர் சாதிச் சான்றிதழ், உரிய காலத்தில் அவர்கள் கைக்கு வந்து சேராததே இதற்குக் காரணம்.

திட்டங்களுக்குக் குறைவில்லை. பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புகளுக்குரிய 'போஸ்ட் மெட்ரிக்' உதவித்தொகை, பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்கு மிகாத பழங்குடி மாணவருக்கு உரியது. அதன் செலவில் 75 விழுக்காட்டை ஒன்றிய அரசும் 25 விழுக்காட்டை மாநில அரசும் ஏற்கின்றன. ஆராய்ச்சிப் படிப்புக்கான தேசிய உதவித்தொகை ஆண்டுக்கு 750 பேருக்கும், வெளிநாட்டு உயர்கல்விக்கான உதவித்தொகை 20 பேருக்கும் ஒதுக்கப்பட்டுள்ளன. இவற்றுள் எதற்கு விண்ணப்பிப்பதாயினும் அந்த ஒரு சான்றிதழின்றி முதற்படியைக்கூடத் தாண்ட இயலாது.

தமிழ்நாட்டில் இச்சான்றிதழை வழங்கும் அதிகாரம் 1989 நவம்பரில் வட்டாட்சியரிடமிருந்து கோட்டாட்சியருக்கு, அதாவது வருவாய்க் கோட்டத்தின் தலைமை அலுவலருக்கு, மாற்றப்பட்டது. பழங்குடியினர் அல்லாதார் சிலர் போலிச் சான்றிதழ் பெற்றுக் கல்வியிடங்களையும் அரசுப் பணிகளையும் கைப்பற்றியது உண்மை. அதனைத் தடுக்க உச்ச நீதிமன்றம் 1994-இல் மாதுரி பாட்டீல் வழக்கில் சான்றிதழ்களைச் சரிபார்க்கும் குழுக்களை அமைக்குமாறு ஆணையிட்டதும் முறையானதே. ஆயினும், போலியைத் தடுக்க எழுந்த அந்த எச்சரிக்கையின் சுமை, குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிக்குச் செல்ல முற்படும் பிள்ளையின் தலையில் இறங்குவது எவ்வகையில் நியாயம்? தந்தையின் சான்றிதழைக் கொண்டுவருமாறு கேட்கப்படும் அப்பிள்ளையின் தந்தை, பள்ளிக்கே செல்லாதவராக இருப்பின், சான்றிதழ் பெறும் தேவையே அவருக்கு நேர்ந்திராது.

சமவெளியில் வாழ்வோர் பழங்குடியினராக எவ்வாறு இருக்க முடியும் என்னும் கேள்வியும் எழுப்பப்படுகிறது. அரசமைப்புச் சட்டத்தின் 342-ஆம் பிரிவின்படி குடியரசுத் தலைவர் அறிவித்து, நாடாளுமன்றம் மட்டுமே மாற்றக்கூடிய பட்டியலே பழங்குடி இன்னார் என்பதை முடிவு செய்கிறது. எல்லை வகுக்க வேண்டிய இடத்தில் அப்பட்டியலே வகுத்துள்ளது. மலையாளி என்னும் பழங்குடியைக் குறிப்பிட்ட சில மாவட்டங்களுக்கு மட்டும் உரியதாகக் கூறுவது அதற்குச் சான்று. கணியானுக்கும் காட்டுநாயக்கனுக்கும் அத்தகைய எல்லை எதுவும் கூறப்படவில்லை. எனவே மலையில் வாழவில்லை என்பதையே காரணமாகக் காட்டி மறுப்பது, சட்டம் வகுக்காத எல்லையை அலுவலகம் வகுப்பதாகும்.

கணியான்களின் நிலை இன்னும் வேதனைக்குரியது. சுடலைமாடன், இசக்கியம்மன் கோயில் கொடை விழாக்களில் மகுடம் என்னும் தோற்கருவியை முழக்கிக் கதை பாடும் கணியான் கூத்து, திருநெல்வேலி, தூத்துக்குடி வட்டாரங்களின் தொன்மையான வழிபாட்டுக் கலை. அக்கலைஞரை அரசு விழா மேடைக்கு அழைத்துச் சிறப்பிக்கும் அதே அரசின் மற்றொரு துறை, அவருடைய மகளைப் பார்த்து அவள் கணியான்தானா என்று ஐயுறுகிறது.

கல்லூரிச் சேர்க்கைக்கும் உதவித்தொகை விண்ணப்பத்துக்கும் கடைசி நாள் உண்டு. சான்றிதழ் விசாரணை முடிவதற்கோ நடைமுறையில் கடைசி நாள் இருப்பதில்லை. காலம் தாழ்ந்து கிடைக்கும் சான்றிதழ், இழந்துபோன கல்வியாண்டைத் திருப்பித் தருவதில்லை. பிள்ளைக்கு மலைக்குறவர் என்னும் பழங்குடிக்குரிய சான்றிதழ் கிடைக்கவில்லை என்னும் துயரால் 2022 அக்டோபரில் தந்தை ஒருவர் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் தீக்குளித்து உயிர்நீத்த பின்னரும், இத்தாமதத்தை வெறும் அலுவலக நடைமுறை என்று சொல்லிக் கடந்துவிட முடியாது.

2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 17.5 லட்சம் மக்கள் வாழும் இம்மாவட்டத்தில் பழங்குடியினர் அரை விழுக்காட்டுக்கும் குறைவு. முத்துச் சலாபம் எனப்பட்ட முத்துக்குளிப்புக் காலத்தில் தோணிகள் கரையேறிய உடனே சிப்பிகளை எண்ணி, குளித்தவருக்குரிய மூன்றில் ஒரு பங்கைப் பிரித்தளித்துவிட்டு எஞ்சியவற்றை ஏலம் விட்ட நிருவாகத்தைக் கண்டது இக்கரை. அன்று அவ்வளவு விரைவு இயன்றதெனில், கணினியும் களப்பணியாளரும் உள்ள இக்காலத்தில், இத்தனை சிறிய மக்கள்தொகையில் கல்லூரிக்குச் செல்லவிருக்கும் பிள்ளைகளை முன்கூட்டியே கண்டறிவது இயலாத செயலன்று.

ஆகவே மாவட்ட நிருவாகம், ஒன்பதாம் வகுப்பிலேயே பள்ளிகள்வழி விண்ணப்பம் பெற்று, மானிடவியல் அறிந்தவரைக் கொண்டு ஊருக்கே சென்று விசாரித்து, பத்தாம் வகுப்பு முடிவதற்குள் சான்றிதழ் வழங்க வேண்டும். உடன்பிறந்தாருக்கோ தந்தைவழி உறவினருக்கோ உரிய விசாரணைக்குப்பின் சான்றிதழ் வழங்கப்பட்டிருப்பின், அதனையே அடிப்படையாக ஏற்க வேண்டும். மறுப்பதாயின் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். விசாரணை நிலுவையில் உள்ள மாணவரின் விண்ணப்பத்தை ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறை தற்காலிகமாக ஏற்று, கல்லூரி அவரிடம் கட்டணம் கேட்டு வெளியேற்றாதவாறு காக்க வேண்டும். வரும் கல்வியாண்டின் அறிவிப்பு வெளிவருவதற்கு முன் இவற்றுக்குரிய ஆணை பிறப்பிக்கப்பட வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
தூத்துக்குடி.