நூலிழை வெற்றியும் நூறு குற்றமும்

குத்துச் சண்டையில் ஒருவன் எதிராளியை இரண்டாவது ரவுண்டிலேயே மல்லாத்திவிட்டால் அவன் மகாவீரன். அதே ஆள் இன்னொரு நாள் கடைசி மணி அடிக்கும்வரை நின்று போராடி, ஒரு பாயிண்ட் வித்தியாசத்தில் ஜயித்துவிட்டு இறங்கினால், நம்மவர்கள் உதட்டைப் பிதுக்குகிறார்கள்: "பார்த்தீரா ஓய், ஆசாமியின் குட்டு வெளிப்பட்டுவிட்டது!"

திருவான்மியூர்க் கடற்கரையில் மாலையில் உலாவப் போகிறவர்கள் இந்தத் தீர்ப்பைக் காற்றோடு சேர்த்து இலவசமாக வாங்கி வரலாம். சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று குத்துச் சண்டையை மானப் பிரச்சினையாக வளர்த்தது வட சென்னை. தெற்கே இருக்கும் நமக்கு 2021-ல் வந்த ஒரு சினிமாவுக்குப் பிறகுதான் அதில் ஞானோதயம் உண்டாயிற்று. போகட்டும், ஞானம் எந்த வழியில் வந்தால் என்ன? ஆனால் அரைகுறையாக வந்தால் அது ஆளைக் கொன்றுவிடும். ஆகையால்தான் எழுதுகிறேன். நெருக்கமான சண்டை ஒருவனுடைய பலவீனத்தை அம்பலப்படுத்துகிறது என்ற அபிப்பிராயத்தை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

முதலில், இந்த நெருக்கம் என்பது எங்கே இருக்கிறது? பாதி நேரம் அது மேடையில் இல்லை, காகிதத்தில் இருக்கிறது. ஒரு ரவுண்டை ஜயித்தவனுக்குப் பத்து, தோற்றவனுக்குப் பொதுவாக ஒன்பது. மயிரிழையில் ஜயித்தாலும் பத்துத்தான். மூச்சுத் திணற அடித்து ஜயித்தாலும் பெரும்பாலும் அதே பத்துத்தான். 1988-ல் ஸியோல் ஒலிம்பிக்கில் ராய் ஜோன்ஸ் 86 குத்துக்களை இறக்கினார். எதிராளி பார்க் ஸி-ஹுன் இறக்கியது 32. தீர்ப்பு மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் பார்க்குக்குப் போயிற்று. மூன்றுக்கு இரண்டு என்றால் கடும் போட்டி என்று அர்த்தமாம்! இதில் அம்பலமானது யாருடைய பலவீனம்? குத்தியவருடையதா, மார்க்குப் போட்டவர்களுடையதா?

இன்னொன்று பாருங்கள். 1963 மார்ச் 13-ம் தேதி நியூயார்க்கில் காஷ்யஸ் கிளே என்ற வாலிபர் டக் ஜோன்ஸ் என்பவரோடு பத்து ரவுண்டு குத்தி ஜயித்தார். இரண்டு நீதிபதிகள் கிளேக்கு ஐந்து ரவுண்டு, ஜோன்ஸுக்கு நான்கு, ஒன்று சமம் என்றார்கள். ரெஃப்ரியோ எட்டுக்கு ஒன்று, ஒன்று சமம் என்று எழுதினார். ஒரே சண்டை, பக்கத்திலேயே இருந்து பார்த்த கண்கள், எவ்வளவு வித்தியாசம்! ஜனங்கள் கூச்சல் போட்டார்கள். வாய்ச் சவடால்தான், சரக்கு இல்லை என்றார்கள். அடுத்த ஆண்டு பிப்ரவரி 25-ம் தேதி, எல்லோரையும் நடுநடுங்க வைத்த ஸோனி லிஸ்டன் ஏழாவது ரவுண்டுக்கு எழுந்து வர மறுத்து ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டார். எதிரே நின்றவர் அதே கிளே. பிற்பாடு அவர்தான் முகம்மது அலி. 1980-ல் சென்னை நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிச் சண்டை போட்ட அதே அலிதான்.

"நார்ட்டன் கதை என்ன?" என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. கென் நார்ட்டன் 1973 மார்ச்சில் அலியின் தாடையை உடைத்து ஜயித்தார். அந்த ஆண்டு செப்டம்பரிலும் 1976-லும் அலி ஜயித்தார், இரண்டும் நூலிழைதான். மொத்தம் 39 ரவுண்டு. ஒருவராலும் மற்றவரைச் சாய்க்க முடியவில்லை. அப்படியானால் அலியின் பலவீனம் வெளியாகிவிட்டது அல்லவா? சற்றுப் பொறுங்கள். 1974 மார்ச்சில் ஜார்ஜ் ஃபோர்மன் அந்த நார்ட்டனை இரண்டாவது ரவுண்டிலேயே முடித்தார். அந்த ஃபோர்மனை அதே ஆண்டு அக்டோபரில் கின்ஷாஸாவில் எட்டாவது ரவுண்டில் கீழே தள்ளியவர் அலி. இந்த மூவரில் பலவீனர் யார்? கணக்கு வாத்தியாரைக் கூப்பிட்டாலும் விடை வராது. ஏனென்றால் நெருக்கமான சண்டை காட்டுவது ஒரு மனிதனை அல்ல, ஒரு ஜோடியை. நார்ட்டனின் பாணி அலிக்கு ஒத்துவரவில்லை. அது நார்ட்டனின் பலம். அதை எடுத்து அலியின் பற்று வரவில் கடனாக எழுதுவது என்ன நியாயம்?

பலவீனமே கிடையாது என்று நான் சாதிக்கவில்லை. அலி கைகளைத் தாழ்த்தி வைத்துக்கொள்கிறவர். 1963 ஜூனில் லண்டனில் ஹென்றி கூப்பரின் இடது கொக்கிக் குத்து அவரைத் தரையில் உட்கார்த்தியது. 1971 மார்ச் 8-ம் தேதி ஜோ ஃபிரேஸியரின் இடது கையும் அதையே செய்தது. இதைக் குறை என்று சொல்லுங்கள், தலைவணங்குகிறேன். இரண்டு வேறு ஆட்கள், எட்டு வருஷ இடைவெளியில், அதே கதவைத் தட்டித் திறந்திருக்கிறார்கள். பலவீனத்துக்கு அத்தாட்சி அதுதான். ஒரே ஒரு இரவின் பாயிண்ட் கணக்கு அல்ல.

இதெல்லாம் வெறும் விளையாட்டுப் பேச்சுத்தானே என்று தள்ளிவிட முடியவில்லை. 2021 ஜூலை 29-ம் தேதி டோக்கியோவில் மேரி கோம் மூன்றுக்கு இரண்டு என்று தோற்றார். மூன்று ரவுண்டுகளில் பின்னிரண்டை நீதிபதிகளில் பெரும்பான்மையோர் அவருக்கே கொடுத்திருந்தார்கள். ஆனாலும் 38 வயதுப் பெண்மணியைப் பற்றி, "கிழடு தட்டிவிட்டது" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்கள். முதல் ரவுண்டில் இழந்ததைத் துரத்திப் பிடிக்கப் பின்னிரண்டு ரவுண்டுகளில் அவர் முன்னேறி முன்னேறிக் குத்தினாரே, அது ஒருவர் கண்ணிலும் படவில்லை.

மேரி கோம் தாங்கிக்கொள்வார். அவரிடம் பதக்கங்கள் இருக்கின்றன. எங்கள் பக்கத்துக் குப்பத்துப் பையன் ஒருவன் தாங்கவில்லை. ஏதோ ஒரு போட்டியில் மூன்றுக்கு இரண்டில் ஜயித்து வந்தான். ஜயித்துத்தான் வந்தான், கவனியுங்கள். "உனக்கு இடது கையே இல்லையேடா!" என்று பெரியவர்கள் ஆளுக்கொரு குறை சொன்னார்கள். கையுறையை ஆணியில் மாட்டிவிட்டு மீன் ஏலத்துக்குப் போகிறான் இப்போது. மீன் விற்பது கேவலமல்ல. ஆனால் அவனுடைய இடது கை எப்படிப்பட்டது என்று தீர்மானிக்க இன்னும் நான்கு சண்டைகளாவது வேண்டியிருந்தன. அந்த நான்கையும் நாம் அவனிடமிருந்து பிடுங்கிக்கொண்டோம்.

சுலபமான வெற்றியில் ஒருவன் சோர்ந்து பார்த்ததில்லை. ஆகையால் சோர்ந்த பிறகு அவன் என்ன செய்வான் என்பதும் தெரிவதில்லை. கால் கனத்து, கண் வீங்கி, எதிராளியும் சளைக்காமல் நிற்கும்போது கடைசி ரவுண்டுக்கு ஸ்டூலைவிட்டு எழுந்திருக்கிறானே, அது ஒன்றுதான் நெருக்கமான சண்டையில் நிச்சயமாகத் தெரிகிற விஷயம். அதற்குப் பலவீனம் என்று பெயர் வைப்பவர்கள், பலம் என்று எதைச் சொல்வார்களோ!