ஓசை திருத்தும் கை

கிதார் வாசிப்போர் தம் காலடியில் வைத்து மிதிக்கும் சிறு பெட்டி ஒன்று உண்டு. பெடல் என்பது அதன் பெயர். தந்தியினின்றும் எழும் மின்னலையைக் கரகரப்பாக்கியோ எதிரொலிக்கச் செய்தோ ஒலிபெருக்கிக்கு விடுப்பது அதன் தொழில். அப்பெட்டியின் திருகுகளைக் கழற்றி, உள்ளிருக்கும் உறுப்புகளில் ஒன்றிரண்டை மாற்றி, தமக்கு வேண்டிய ஓசையை வருவித்துக் கொள்ளும் இளைஞர் நம் நகரில் உளர். “விலை கொடுத்து வாங்கிய பொருளைக் கெடுப்பானேன்? செய்தவனுக்குத் தெரியாததா?” என்று இவரைக் கடிவோரும் உளர். இளைஞர் பக்கமே நியாயம் என்பது என் கருத்து.

தமிழ் பயிலும் மாணாக்கனுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். அறிவியற் பட்டமும் பண்டிதப் பட்டமும் ஒருங்கு பெற்ற விபுலாநந்த அடிகள் 1947இல் யாழ்நூலை வெளியிட்டபோது, இறந்துபட்ட ஒரு கருவியின் ஓசையைக் கணக்கிட்டு மீட்க முயன்றார். அதற்கு முப்பதாண்டு முன்னரே, 1917இல், தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் கருணாமிர்த சாகரத்தில் சுருதிகளை எண்ணிப் பார்த்தார். ஓசையின் அளவை ஆராய்தல் தமிழ் கற்றார்க்குப் புறம்பான வேலையாக இருந்ததில்லை.

இனிப் பெட்டியின் உள்ளே நோக்குவோம். டியூப் ஸ்கிரீமர் என்னும் பச்சை நிறப் பெடல் 1970களின் இறுதியில் ஜப்பானில் தோன்றியது. இன்றும் உலகெங்கும் வழங்குகின்றது. அதில் 4.7 கிலோ ஓம் தடை ஒன்றும், 0.047 மைக்ரோபாரட் மின்தேக்கி ஒன்றும் இணைந்து நிற்கும். மின்தேக்கியைக் கடைக்காரர் கண்டென்சர் என்பர். இவ்விரண்டன் சேர்க்கையால், வினாடிக்கு ஏறத்தாழ 720 அதிர்வுக்குக் கீழ்ப்பட்ட ஒலிகள் குறைவாகவே பெருக்கப்பெறும். கிதாரின் தடித்த தந்தியோ 82 அதிர்வில் ஒலிப்பது. ஆகவே அதன் அடிநாதம் மெலிந்து, நடுவோசை மேலெழும். மேனாட்டு இசைக்குழுவில் இது குறையாகத் தோன்றாது; அடியோசையை நிரப்ப அங்கே பேஸ் கிதார் தனியே உண்டு. மின்தேக்கியை எடுத்துவிட்டு 0.1 மைக்ரோபாரட் உள்ள வேறொன்றைப் பற்றவைத்தால், அவ்வெல்லை 340 அளவிற்கு இறங்கி ஓசை தடிக்கும். ரிச்சி தெருவில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் உறுப்பு அது. மிகுதியாக மாற்றினால் ஓசை சேறுபோற் குழம்பும் என்பதும் உண்மை. செவியே அதற்கு அளவுகோல். 4558 என்னும் சில்லின் பழம்பதிப்பில் தனி உயிர் உறைவதாக நம்பிப் பெரும்பொருள் செலவிடுவோரைப் பற்றி எனக்கு நகைப்பே வருகின்றது.

“செய்தவனுக்குத் தெரியாததா?” என்ற வினாவிற்கு விடை இதிலேயே உளது. செய்தவன் வேறொரு குழுவை மனத்திற்கொண்டு செய்தான். புளியந்தோப்பில் கானா பாடப்பெறும் இடத்தை எண்ணிப் பாருங்கள். இறந்தார் வீட்டு வாயிலில் விடியுமளவும் பாடும் குரலுக்குத் துணை தோற்கருவிகளே. பேஸ் கிதாரை அங்கே காண்டல் அரிது. நடுவோசை மிகுந்த கிதார் அங்கே புகுந்தால், பாடுவோன் குரலின்மீதே மோதும். 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் முதன்முதல் அரங்கேறிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவினர் கானாவையும் பறையையும் மின்கிதாரையும் ஒரே மேடையில் நிறுத்தினர். அத்தகைய சேர்க்கைக்கென்று எத்தொழிற்சாலையும் பெட்டி செய்து விற்கவில்லை. வேண்டுவோர் தாமே திருத்திக்கொள்ளல் வேண்டும்.

திருத்துதல் புதிய வழக்கமும் அன்று. பறையைத் தீயிற் காய்ச்சுவது எதற்காக? தோலின் ஈரம் நீங்கி இறுகினாலன்றி ஓசை ஏறாது. மிருதங்கத்தின் இடப்பக்கத்தில் ரவையைப் பிசைந்து அப்புவதும் அடியோசையைக் கனப்பிக்கவே. அது முன் சொன்ன மின்தேக்கி மாற்றத்தோடு ஒத்த செயல். மேல்நாட்டிலும் இப்படித்தான். கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவீஸ் என்பார் தம் ஒலிபெருக்கியின் தாட்கூம்பைச் சவரக் கத்தியாற் கீறி எழுப்பிய கரகரப்பே, 1964இல் அவர்தம் இசைத்தட்டில் உலகம் கேட்டது. பெட்டியைக் கெடுத்தார் என்று அவரை இன்று எவரும் பழிப்பதில்லை.

ஆயின் நம் நாட்டில் இக்கைவேலைக்கு மற்றொரு துன்பமும் உண்டு. டி. எம். கிருஷ்ணா 2020இல் வெளியிட்ட ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்னும் ஆங்கில நூல் மிருதங்கம் செய்வோர் வரலாற்றைக் கூறுவது. அவருட் பலர் தலித் கிறித்தவர். வித்துவான் பெயர் நாடெங்கும் பரவ, அவன் கைக்கு நாதத்தை ஆக்கித் தந்தவன் பெயர் மறைந்தே கிடந்தது. தோலைத் தொட்ட கை தாழ்ந்த கை என்று எண்ணிய சமுதாயம், பற்றவைக்கும் கோலைத் தொட்ட கையையும் ‘மெக்கானிக்’ என்று ஒரு சொல்லால் ஒதுக்கிவிடுகின்றது. கலைஞன் ஒரு சாதி, கருவி திருத்துவோன் மற்றொரு சாதி என்னும் இப்பாகுபாட்டை நம் கலாசாலை ஏற்றல் தகாது.

திறப்போர்க்கு இரண்டொரு சொல். ஒன்பது வோல்ட் பேட்டரியில் இயங்கும் பெடலைத் திறப்பதில் உயிர்க்கு அச்சமில்லை. வால்வு வைத்த ஒலிபெருக்கியை அங்ஙனம் திறவாதீர், மின்னிணைப்பை நீக்கிய பின்னும் அதனுட் கொல்லும் மின்சாரம் தங்கியிருக்கும். கழற்றிய மின்தேக்கியை ஒரு காகிதத்தில் மடித்துப் பத்திரப்படுத்துக. புதிய ஓசை பிடிக்கவில்லையேல் பழையதை மீட்கலாம்.

நம் இசைக்கழகத்தார்க்கும் ஒரு வேண்டுகோள். ஆண்டு விழாவின் நிகழ்ச்சி நிரலில் பாடுவோர், வாசிப்போர் பெயர்களை அச்சிடுகின்றோம். வரும் ஆண்டு முதல், மிருதங்கத்திற்குத் தோல் மாற்றியவர் யார், கிதாரின் பெடலைத் திருத்தியவர் யார் என்பதையும் அதே எழுத்தளவில் அச்சிடலாம். கூடுதலாகும் செலவு இரண்டு வரி மையே.