தண்ணீர் திறக்கும் முறையும் டெங்கு பணி அட்டவணையும்

வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு நகராட்சிகளில் டெங்கு ஆய்வுக் கூட்டங்கள் நடக்கின்றன. கொசுப்புழு காணப்பட்ட வீடுகளைக் காட்டும் வீட்டுக் குறியீடு எத்தனை சதவீதம், எத்தனை தெருக்களில் புகை அடித்தாயிற்று, புழுக்கொல்லி மருந்தான அபேட் இருப்பு எவ்வளவு என்று கணக்குகள் வாசிக்கப்படுகின்றன. ஒரு கேள்வி மட்டும் பெரும்பாலும் எழுவதில்லை. காய்ச்சல் வந்த அந்தத் தெருவில் கடைசியாகத் தண்ணீர் விட்டது எந்தத் தேதியில்? ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் போன்ற ஊர்களில் இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் கொசு ஒழிப்பு அட்டவணை போடுவது வீண் உழைப்பு என்றே நாம் கருதுகிறோம்.

இரண்டு ஊர்களும் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பக்கம் இருப்பவை. ராஜபாளையத்துக்கு அய்யனார் கோவில் ஆற்றுத் தண்ணீரைத் தேக்கும் ஆறாவது மைல் நீர்த்தேக்கமும், தாமிரபரணிக் கூட்டுக் குடிநீரும் இருக்கின்றன. இருந்தும் இரண்டு நகரங்களிலும் குழாயில் தண்ணீர் தினமும் வருவதில்லை. பகுதி பகுதியாக முறை வைத்துத்தான் திறக்கிறார்கள். கோடையில் இடைவெளி நீள்கிறது. எனவே வசதிக்கேற்ப ஒவ்வொரு வீட்டிலும் தரைக்கடித் தொட்டி, சிமெண்ட் தொட்டி, பிளாஸ்டிக் டிரம், அண்டா, குடம் என்று சேமிப்பு இருக்கிறது. மக்கள் சாக்கடையையும் தெப்பக்குளத்தையும் காட்டிக் கொசு அங்கிருந்து வருவதாகச் சொல்வார்கள். ஏடிஸ் எஜிப்டை வளர்வது வீட்டார் பொத்திப் பொத்திச் சேமிக்கும் நல்ல தண்ணீரில் என்பதை இவ்விதழின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நாம் போதிய கவனம் கொடுக்காதது அந்தத் தொட்டியில் நீர்மட்டம் ஏறி இறங்கும் விதத்துக்கு.

பெண் கொசு முட்டைகளைத் தண்ணீரின் மேல் மிதக்க விடுவதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரம் படிந்த சுவரில் ஒட்ட வைக்கிறது. ஒரே தொட்டியிலும் வைத்து முடிப்பதில்லை. பல தொட்டிகளில் பிரித்து வைக்கிறது. இரண்டு மூன்று நாளில் கரு முற்றிவிட்டால் அந்த முட்டை காய்ந்த சுவரில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தண்ணீர் மறுபடி ஏறி அதை நனைக்கும்போது பொரிகிறது. சில முட்டைகள் முதல் நனைப்பிலும், சில அடுத்தடுத்த நனைப்பிலும் பொரியும். அதாவது நகராட்சி தண்ணீர் திறக்கும் நாளே அந்தத் தெருவில் கொசுப்புழு பிறக்கும் நாளாகிறது. நம் ஊர் வெப்பத்தில் ஐந்தாறு நாளில் புழு கூட்டுப்புழுவாகி, அடுத்த இரண்டு நாளில் கொசுவாகப் பறந்துவிடும். கூட்டுப்புழு எதையும் உண்பதில்லை. அபேட் அதைக் கொல்வதும் இல்லை. ஆகவே மருந்து வேலை செய்யும் காலம் தண்ணீர் விட்ட பிறகு நான்கைந்து நாள்தான்.

நம் அட்டவணையோ வார்டு எண் வரிசையில் போகிறது. திங்கள் ஒன்றாவது வார்டு, செவ்வாய் இரண்டாவது வார்டு. ஒரு தெருவுக்கு, வீடுவீடாகக் கொசுப்புழு தேடும் டி.பி.சி. பணியாளர்கள் போகும் நாள் தண்ணீர் வருவதற்கு முந்தின நாளாக அமைந்தால், அன்று ஊற்றும் மருந்து மறுநாள் புதுத் தண்ணீரில் நீர்த்துப்போகும். தண்ணீர் வந்த மறுநாளாக அமைந்து, தொட்டியைக் காலி செய்து தேய்த்துக் கழுவுங்கள் என்று சொன்னால் எந்த வீட்டுப் பெண்ணும் கேட்கமாட்டார். காத்திருந்து, இரவில் விழித்துப் பிடித்த தண்ணீரை எப்படிக் கொட்டுவார்? அதை ஒத்துழையாமை என்று பதிவேட்டில் எழுதுவது அநியாயம். ஊர் முழுவதற்கும் ஒரே கிழமையைத் தொட்டிகளைக் காலி செய்யும் உலர் நாள் என்று அறிவிப்பதிலும் இதே கோளாறுதான். தொட்டியின் அடி தெரிவது தண்ணீர் திறப்பதற்கு முந்தின நாளில். அந்தத் தெருவின் உலர் நாள் அதுவாகவே இருக்க வேண்டும். அன்று சுவரை நார் கொண்டோ பிரஷ் கொண்டோ அழுத்தித் தேய்த்தால் முட்டைகள் உதிரும். தேய்த்த அழுக்குத் தண்ணீரை வெயிலில் காயும் தரையில் கொட்டச் சொல்ல வேண்டும், வாளியில் விட்டுவைக்கக் கூடாது. மருந்து ஊற்றுவதும் புழு தேடுவதும் தண்ணீர் வந்த பின்பு மூன்றாம் நான்காம் நாள்களில் நடக்கலாம். காலி செய்யவே முடியாத தரைக்கடித் தொட்டிகளுக்கு இறுக்கமான மூடியும் புழு தின்னும் மீனும்தான் வழி.

இதற்குப் புதிய நிதியோ புதிய மருந்தோ தேவையில்லை. எந்தத் தெருவுக்கு என்றைக்குத் தண்ணீர் என்பது வால்வு திறப்பவருக்கு மனப்பாடம். அந்த விவரம் பொறியியல் பிரிவில் இருக்கிறது, நம் பதிவேடு சுகாதாரப் பிரிவில் இருக்கிறது. ஒரே கட்டடத்தில் இருக்கும் இரண்டு பிரிவுகள் வாரம் ஒருமுறை தேதிகளைப் பரிமாறிக்கொண்டால் போதும்.

குறியீடுகளைப் பற்றியும் ஒரு சொல். வீட்டுக் குறியீடு, பாத்திரக் குறியீடு, பிரிட்டோ குறியீடு மூன்றும் மஞ்சள் காய்ச்சல் காலத்துக் கருவிகள். ஒரு சிரட்டையில் கிடைத்த இரண்டு புழுவும், ஆயிரம் லிட்டர் தொட்டியில் நெளியும் நூற்றுக்கணக்கான கூட்டுப்புழுவும் அவற்றில் ஒரே மதிப்பெண் பெறுகின்றன. சிங்கப்பூர் 1960களில் ஏறத்தாழ 50 சதவீதத்தில் இருந்த வீட்டுக் குறியீட்டை 2 சதவீத அளவுக்குக் கொண்டுவந்தது. அப்படியும் அங்கே 1990களிலும் 2000களிலும் டெங்கு பெருகியது. குறைந்த சதவீதத்தைக் காட்டி நிம்மதி அடைவதற்கில்லை. எந்த வகைத் தொட்டியில் எத்தனை கூட்டுப்புழு என்று எண்ணினால்தான் ஊரின் கொசு எங்கிருந்து வருகிறது என்பது புலப்படும். எல்லா வீட்டிலும் எண்ண முடியாது. வார்டுக்குச் சில வீடுகளில் எண்ணினாலே போதிய தெளிவு கிடைக்கும்.

புகை அடிப்பது கண்ணுக்குத் தெரிகிற வேலை. கவுன்சிலருக்கும் மக்களுக்கும் திருப்தி தருகிறது. ஆனால் ஏடிஸ் வீட்டுக்குள் கட்டிலடியிலும் தொங்கும் துணிகளின் மறைவிலும் ஒதுங்கியிருக்கும்போது தெருவில் போகும் புகை அதைத் தொடுவதேயில்லை. காய்ச்சல் உறுதியான வீட்டிலும் சுற்றுப்புற வீடுகளிலும் அன்றே உள்ளே போய் பைரித்ரம் தெளிப்பது பயனுள்ளது. அதற்குத் தகவல் அன்றே வர வேண்டும். தனியார் மருத்துவமனைகளும் ஆய்வகங்களும் என்எஸ்1 எலிசா முடிவைத் தாமதமின்றி நகர்நல அலுவலருக்குத் தெரிவிப்பது இங்கேதான் முக்கியமாகிறது. மூன்று நாள் கழித்து வரும் பட்டியலை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய இயலாது.

2012இல் தமிழகத்தில் 12,826 பேருக்கு டெங்கு உறுதியாகி 66 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டு மிகவும் அடிபட்டது அன்றைய திருநெல்வேலி மாவட்டம், குறிப்பாகக் கடையநல்லூர். ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி எல்லாம் ஒரே கொல்லம் சாலையில் இருக்கும் ஊர்கள். கொசு சில நூறு மீட்டருக்கு மேல் போவது அரிது. வைரஸ் பஸ் ஏறி வருகிறது. 2017இல் மாநிலத்தில் 23,294 பேர் பாதிக்கப்பட்டு 65 பேர் இறந்தார்கள். ஒருமுறை அலை அடித்து ஓய்ந்த ஊர் இனித் தப்பித்தது என்று எண்ணவும் முடியாது. வைரஸ் நான்கு வகை. ஒன்று தரும் எதிர்ப்பாற்றல் மற்ற மூன்றுக்கு நிலையான காவல் ஆகாது. இரண்டாம் தொற்று முதலாவதைவிடக் கடுமையாகவும் கூடும்.

மில்களையும் பட்டறைகளையும் நம் அட்டவணை தொடுகிறதா? ராஜபாளையம் நூற்பாலை ஊர். பக்கத்துச் சத்திரப்பட்டி மருத்துவத் துணி நெய்யும் ஊர். ஏடிஸ் கடிப்பது பகலில், அந்தப் பகலில் ஆயிரக்கணக்கானோர் இருப்பது வேலைத்தலத்தில். ஓட்டமில்லாத நாள்களில் மழைநீர் தேங்கும் சலவைத் தொட்டிகள், கழிவு இரும்புக் குவியல், பழைய டயர், தொழிலாளர் விடுதித் தொட்டிகள் எல்லாம் வீடுகளைப் போலவே ஆய்வுக்கு உரியவை. நாட்டுக்கே முன்னோடியான 1939ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்தில் கொசு ஒழிப்புக்கென்று தனி அத்தியாயமே உண்டு. ஏழை வீட்டுக் குடத்துக்கு எச்சரிக்கை நோட்டீஸ் ஒட்டிவிட்டு, பெரிய வளாகங்களின் வாசலில் அனுமதிக்காகக் காத்திருந்து திரும்புவது அந்தச் சட்டத்தின் நோக்கம் அல்ல. மலையடிவாரத் தோப்புகளிலும் செண்பகத்தோப்புப் பக்கமும் மரப்பொந்துகளில் வளரும் ஏடிஸ் ஆல்போபிக்டஸையும் மறக்கக் கூடாது. தோப்பு வீடுகளுக்கு நகர அட்டவணை பொருந்தாது.

புதுச்சேரி நோய்பரப்பிகள் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் வோல்பாக்கியா பாக்டீரியாவை ஏற்றிய ஏடிஸ் வகைகளை உருவாக்கியிருப்பதாக 2022இல் அறிவித்தது. இந்தோனேசியாவின் யோக்யகார்த்தாவில் அத்தகைய கொசுக்களை வெளியில் விடும் முறை டெங்குவை 77 சதவீதம் குறைத்ததற்கு வலுவான சான்று உள்ளது. உள்நாட்டுத் தடுப்பூசியின் மூன்றாம் கட்டச் சோதனை 2024 ஆகஸ்டில் தொடங்கியது. இரண்டையும் நாம் மனமார வரவேற்கிறோம். ஆனால் வரும் ஐப்பசி மழையில் அவை இந்த ஊர்களுக்கு உதவப்போவதில்லை. உதவப்போவது டார்ச் விளக்கும் கரண்டியுமாகப் படியேறி இறங்கும் டி.பி.சி. பணியாளர்கள்தான். அவர்களில் பலர் தினக்கூலிப் பெண்கள். மழை முடிந்ததும் வேலையை விட்டு நிறுத்தி, அடுத்த ஆண்டு புது ஆள்களுக்குப் புழுவை அடையாளம் காட்டத் தொடங்குவதால், தெருவை அறிந்தவர்களின் அனுபவம் ஆண்டுதோறும் கைநழுவுகிறது. அவர்களுக்கு ஆண்டு முழுவதும் வேலையும், தங்கள் தெருக்களின் தண்ணீர் நாளையொட்டித் தாங்களே அட்டவணை வகுக்கும் உரிமையும் வேண்டும்.

இரு நகராட்சிகளின் நகர்நல அலுவலர்களையும் சுகாதார ஆய்வாளர்களையும் கேட்டுக்கொள்கிறோம்: வரும் ஆனி மாதமே பொறியியல் பிரிவிடமிருந்து தெருவாரியான தண்ணீர்த் தேதிகளை வாங்குங்கள். இரண்டு வார்டுகளில் அதன்படி வேலை செய்து, கார்த்திகை முடியக் கூட்டுப்புழு எண்ணிக்கையையும் காய்ச்சல் எண்ணிக்கையையும் மற்ற வார்டுகளோடு ஒப்பிட்டு எழுதி அனுப்புங்கள். முடிவு எதுவாயினும் இவ்விதழ் வெளியிடும்.