மருத்துவ மாணவி எப்போது தூங்குவாள்?

"எங்க பொண்ணு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் படிக்கிறா" என்று பெருமையாகச் சொல்லாத மருத்துவ மாணவியின் வீட்டை நான் பார்த்ததில்லை. என் அக்கா வீட்டிலும் இதே பேச்சுதான். கல்யாண வீட்டிலோ கோயிலிலோ யார் விசாரித்தாலும், மகளின் மதிப்பெண்ணுக்கு முன்னால் அவள் கண் விழிப்பதைத்தான் அக்கா சொல்வாள். கேட்பவர்களும் "டாக்டருக்குப் படிக்கிறதுன்னா சும்மாவா" என்று தலையாட்டுவார்கள். தூங்காமல் கிடப்பதும் அந்தப் படிப்பில் சேர்த்தி என்று ஊரே ஒத்துக்கொண்டுவிட்டது. எனக்கு அது பெரிய தவறாகப் படுகிறது.

முதலாமாண்டில் அக்கா மகள் இருந்த விடுதி அறையைப் பார்த்திருக்கிறேன். நான்கு கட்டில், ஒரே டியூப்லைட். ஒருத்திக்கு மறுநாள் வைவா என்றால் நால்வருக்கும் விடிய விடிய வெளிச்சம். கொசுவலைக்கு மேலே பழைய துப்பட்டா ஒன்றை விரித்து மறைத்துக்கொண்டு படுப்பாள். கட்டிலுக்கு அடியில் சீனியர் கொடுத்துவிட்டுப் போன எலும்பு செட். தலைமாட்டில் அதே சீனியரின் சௌராசியா உடற்கூறியல் புத்தகங்கள், யார் யாரோ போட்ட கலர் பென்சில் கோடுகளோடு. விடுமுறைக்கு வந்தவளிடம், அங்கே எப்படித்தான் தூங்குகிறாய் என்று கேட்டேன்.

"தூங்க நேரம் இல்லாம இல்ல சித்தி. படுத்தா தூக்கம் வரமாட்டேங்குது. கண்ண மூடினா பிரேக்கியல் பிளெக்ஸஸ் நரம்பு கிளை கிளையா ஓடுது. அசந்து தூங்கினாலும் மூணு மணிக்கு முழிப்பு வந்துடும், அலாரம் அடிச்சு நிப்பாட்டிட்டமோன்னு."

எத்தனை மணி நேரம் தூங்கினாய் என்று மட்டும் கேட்டால் இது வெளியே வராது. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தார் 1989ல் வெளியிட்ட தூக்கத் தரக் கேள்வித்தாள் ஒன்று உண்டு. படுத்த பிறகு கண்ணயர எவ்வளவு நேரமாகிறது, நடு இரவில் எத்தனை முறை விழிப்பு வருகிறது, மாத்திரை போடுகிறாயா, பகலில் கண் சொக்குகிறதா என்றெல்லாம் கேட்டு 21க்கு மதிப்பெண் போடுவார்கள். 5ஐத் தாண்டினால் தூக்கம் சரியில்லை என்று பொருள். பல நாடுகளின் ஆய்வுகளைத் திரட்டி 2020ல் வந்த ஒரு கட்டுரையின்படி, மருத்துவ மாணவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அந்தக் கோட்டைத் தாண்டியவர்கள்.

கவலை இருக்கும் மனம் உடம்பைத் தூங்க விடாது. அச்சம் வந்தால் கார்டிசோல் சுரக்கிறது, நாடி வேகம் பிடிக்கிறது, உடம்பு காவலுக்கு நிற்கிறது. தூக்கம் கெட்டால் மறுநாள் சின்ன விஷயமும் பெரிதாகத் தெரிகிறது. பேராசிரியர் சற்றுக் குரல் உயர்த்தினாலே கண்ணில் நீர் முட்டுகிறது, அன்றிரவு தூக்கம் இன்னும் தள்ளிப் போகிறது. சமாளிக்க இவர்களுக்குக் கிடைப்பது ஃபிளாஸ்க் காபி. விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் சேரும் அடினோசின்தான் நமக்குத் தூக்கத்தை வரவழைக்கிறது. காபியில் உள்ள கஃபீன் அது உட்காரும் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. குடித்ததில் பாதி கழியவே சுமார் ஐந்து மணி நேரமாகும். இரவு பத்து மணிக் காபி, மூன்று மணிக்கும் பாதியளவு உள்ளே இருக்கும். இதையெல்லாம் தேர்வில் பத்தி பத்தியாக எழுதி மதிப்பெண் வாங்குகிற பிள்ளைகள்தான் அந்தக் காபியைக் குடிக்கிறார்கள்.

படிப்புக்காகவாவது இது பயன்படுகிறதா? 1924ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸ், டாலன்பாக் இருவரும் இரண்டே மாணவர்களை வைத்துச் சோதித்தார்கள். பொருளில்லாத அசைகளை மனப்பாடம் செய்யவைத்து, சில நாள் உடனே தூங்கவிட்டார்கள், சில நாள் விழித்திருக்கச் செய்தார்கள். தூங்கி எழுந்தபோது நினைவில் நின்றது அதிகம். நூறாண்டுகளாக அதன் மேல் அடுக்கடுக்காக ஆராய்ச்சி நடந்துவிட்டது. ஆழ்ந்த தூக்கம் பெரும்பாலும் இரவின் முற்பகுதியில் வருகிறது, கனவுத் தூக்கம் விடியலை ஒட்டி நீள்கிறது. படித்ததை மூளை பதித்துக்கொள்ள இரண்டும் வேண்டும். நான்கு மணிக்கு அலாரம் வைத்து எழுகிற பிள்ளை, கனவுத் தூக்கத்தின் பெரும்பகுதியை இழந்துவிட்டுத்தான் புத்தகத்தைத் திறக்கிறது.

இவையெல்லாம் மாணவப் பருவத்துக் கதை. என்னை உலுக்கியது, அவள் ஹவுஸ் சர்ஜன் (பயிற்சி மருத்துவர்) ஆன பிறகு நடந்தது. பிரசவ வார்டு டூட்டி. காலையில் போனவள் மறுநாள் காலை தாண்டியும் அங்கேயே இருந்தாள். ரத்தம் எடுப்பது, குழாயில் பிளாஸ்திரி ஒட்டிப் பேர் எழுதுவது, சாம்பிளைத் தூக்கிக்கொண்டு ஓடுவது, கேஸ் ஷீட் எழுதுவது, ரிப்போர்ட்டுக்காக நிற்பது எல்லாம் ஹவுஸ் சர்ஜன் வேலைதான். விடியற்காலையில் ரத்த வங்கியிலிருந்து அழைப்பு. "மேடம், இந்த டியூப்ல பேரு ஒருத்தருது, ஐ.பி. நம்பர் வேற ஒருத்தருது." அந்த டெக்னீஷியன் கவனிக்காமல் விட்டிருந்தால், பிரசவித்துக் கிடந்த ஒரு தாய்க்கு வேறு வகை ரத்தம் ஏறியிருக்கக்கூடும். "அவர் சொன்னப்பதான் எனக்கே தெரிஞ்சது சித்தி. அந்த லேபிளை எழுதினதே ஞாபகத்துல இல்ல" என்றாள். குரலில் அழுகைகூட இல்லை, அவ்வளவு களைப்பு.

இதை அவளுடைய கவனக்குறைவு என்று எழுதிவிடுவது எளிது. 1997ல் டாசன், ரீட் என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கணக்கிட்டுச் சொன்னதைப் பாருங்கள். 24 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.10 சதவீதம் மது உள்ளவரின் நிலைக்கு இறங்கிவிடுகிறது. நம் நாட்டில் வண்டி ஓட்டுபவருக்குச் சட்டம் வைத்திருக்கும் எல்லை 0.03. அந்த அளவைத் தாண்டினால் போலீஸ் வழக்குப் போடும். மூன்று மடங்குக்கு இணையான நிலையில் இருக்கும் பெண்ணின் கையில் ஊசியைக் கொடுக்கிறோம். டூட்டி முடிந்து அவள் ஸ்கூட்டியிலும் ஏறி வருகிறாள். பாஸ்டனில் தீவிர சிகிச்சைப் பிரிவில் நடந்து 2004ல் வெளியான ஆய்வில், 24 மணி நேரத்துக்கு மேல் நீளும் பழைய முறையில் பணியாற்றியபோது பயிற்சி மருத்துவர்கள் 36 சதவீதம் அதிகமாகக் கடும் தவறுகள் செய்தது தெரிந்தது.

"நாங்களும் இப்படித்தான் வந்தோம்" என்று மூத்த மருத்துவர்கள் சொல்வார்கள். அதில் ஒரு பகுதியை நான் மதிக்கிறேன். டூட்டி அடிக்கடி கைமாறினால் நோயாளியைப் பற்றிய தகவல் நடுவில் தவறிப்போகும். அமெரிக்காவில் முதலாண்டுப் பயிற்சியாளருக்கு 2011ல் வைத்த 16 மணி நேர வரம்பை 2017ல் தளர்த்தினார்கள். தளர்த்திப் பார்த்த ஆய்வுகளில் நோயாளிகளின் இறப்பு கூடவில்லை. ஆனால் வாரத்துக்கு 80 மணி நேரம் என்ற மேல்வரம்பை அங்கே யாரும் எடுக்கவில்லை. அந்த வரம்புக்கு வித்திட்டது ஒரு சாவு. 1984ல் நியூயார்க் மருத்துவமனை ஒன்றில், நீண்ட டூட்டியில் இருந்த பயிற்சி மருத்துவர்களின் கவனிப்பில் லிபி சயான் என்ற 18 வயதுப் பெண் இறந்தாள். அவளுடைய தந்தை விடாமல் போராடினார், 1989ல் அந்த மாநிலத்தில் இந்த 80 மணி நேர விதி வந்தது.

நம் நாட்டிலும் விதி இருக்கிறது. மத்திய அரசின் 1992ஆம் ஆண்டு ரெசிடென்சி திட்டத்தில், தொடர்ச்சியாக 12 மணி நேரத்துக்கு மேல் பணி கூடாது, வாரத்துக்கு 48 மணி நேரம் என்று இருக்கிறது. தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த மனநலப் பணிக்குழு 2024ல் அறிக்கை தந்தது. அவர்களிடம் கருத்துச் சொன்ன எம்.பி.பி.எஸ். மாணவர்களில் 27.8 சதவீதம் பேர் தங்களுக்கு மனநலப் பாதிப்பு இருப்பதாகத் தெரிவித்திருந்தார்கள். அந்தக் குழு, பட்டமேற்படிப்பு மாணவர்களுக்கு வாரம் 74 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், வாரம் ஒரு நாள் ஓய்வு வேண்டும், தினமும் ஏழெட்டு மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. நல்ல நோக்கம்தான். ஆனால் 48 என்று எழுதிவைத்த நாட்டில், 32 ஆண்டு கழித்து 74 என்பதையே சீர்திருத்தமாகக் கேட்க வேண்டியிருக்கிறது.

தூங்க இடமும் இல்லை என்பதை 2024 ஆகஸ்ட் 9 அன்று நாடே தெரிந்துகொண்டது. கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பலாத்காரம் செய்து கொல்லப்பட்ட முதுநிலை மாணவி, நீண்ட டூட்டிக்கு நடுவே கருத்தரங்கு அறையில் போய்ப் படுத்தவர். ஒரு டாக்டர் கண்ணயர வேண்டுமென்றால் ஆளில்லாத கருத்தரங்கு அறையைத் தேடிப் போக வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு பதறுகிறது.

கல்லூரிகள் பெற்றோரைக் கூட்டத்துக்கு அழைக்கின்றன. அங்கே நாம் வருகைப்பதிவைக் கேட்கிறோம், இன்டர்னல் மதிப்பெண்ணைக் கேட்கிறோம். இரவு டூட்டிக்கு மறுநாள் கட்டாய விடுப்பு உண்டா, அன்று வைவா வைக்கமாட்டீர்களா, டூட்டி பட்டியலை எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டுவீர்களா, பெண்கள் டூட்டி ரூமில் கட்டிலும் உள்தாழ்ப்பாளும் இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். மகளுடைய டூட்டி விவரத்தை ஒரு தாளில் எழுதி வாங்கி வைத்திருக்கிறாள். தெரிந்த மற்ற மூன்று அம்மாக்களிடமும் பேசிவிட்டாளாம். ஹவுஸ் சர்ஜனின் பெற்றோருக்கு அந்தக் கூட்டத்தில் இடமில்லை என்று சொன்னால், டீனை நேரில் பார்க்கப் போகிறார்கள்.