குடிநோய்க்கு நம் ஊரிலேயே சிகிச்சை வேண்டும்

காட்டுமன்னார்கோயில், லால்பேட்டை, குமராட்சி வட்டாரப் பெருமக்களே,

கள்ளச்சாராயம் உயிர்களைக் குடிக்கும் நாளில்தான் நாம் குடியைப் பற்றிப் பேசுகிறோம். 2001-இல் நம் கடலூர் மாவட்டத்துப் பண்ருட்டிப் பகுதியில் 50-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது பேசினோம். 2023-இல் மரக்காணம், 2024-இல் கள்ளக்குறிச்சி கருணாபுரம் என்று சாவு விழுந்தபோதெல்லாம் பேசினோம். காய்ச்சியவர் யார், விற்றவர் யார், இழப்பீடு எவ்வளவு என்று பேச்சு போகும். பத்து நாளில் அடங்கும். விடிந்ததும் பாக்கெட் சாராயத்தைத் தேடிப் போகும் நிலைக்கு ஒருவரைக் கொண்டுவந்து விட்ட நோயைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை. குடிக்கு அடிமையானவருக்கு வேண்டியது வசை அல்ல, சிகிச்சை. அந்தச் சிகிச்சை அவர் பஸ் ஏறிப் போகத் தேவையில்லாத தூரத்தில் கிடைக்க வேண்டும். இதைக் கேட்கத்தான் இந்த வேண்டுகோளை எழுதுகிறோம்.

“அவனாகத் தேடிக்கொண்டது, இதில் நோய் எங்கே வந்தது?” என்று கேட்பவர்கள் பலர். பல ஆண்டுகளாகத் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் என்ன நடக்கிறது என்பதிலேயே இதற்குப் பதில் இருக்கிறது. சில மணி நேரத்தில் கை நடுங்கும். டீ கிளாஸை ஒரு கையால் பிடிக்க முடியாது. வேர்த்துக் கொட்டும், தூக்கம் போய்விடும். முதல் இரண்டு நாளில் சிலருக்கு வலிப்பு வரும். அதற்குப் பிறகு சிலர் இல்லாத பூச்சிகளைப் பார்ப்பார்கள், இல்லாத குரல்களுக்குப் பதில் சொல்வார்கள். கவனிக்காமல் விட்டால் உயிரே போகும். மருத்துவர் மேற்பார்வையில் மாத்திரையும் பி1 வைட்டமினும் கொடுத்து இதைக் கடத்திவிட முடியும். கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு குடியை நிறுத்துவது நம் பக்கத்து வழக்கம். அந்த உறுதியை மதிக்கிறோம். ஆனால் கயிறு கட்டும் முன்பே மருத்துவரையும் பார்த்துவிடுங்கள் என்று வேண்டுகிறோம். அதேபோல, சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்கச் சொல்லி விற்கும் மருந்துகளை வாங்காதீர்கள். டைசல்பிரம் போன்ற மருந்தை, சாப்பிடுகிறோம் என்று தெரியாமலேயே சாப்பிட்டவர் அதன்மேல் குடித்தால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

மது, போதைப் பொருளால் வரும் மனநிலைக் கோளாறுகளையும் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோய் என்ற வரையறைக்குள் சேர்த்திருக்கிறது. அரசுச் செலவில் இயங்கும் மருத்துவமனையில் சிகிச்சை பெறுவதை உரிமையாக்கியும் இருக்கிறது. உரிமை ஏட்டில் இருக்கிறது, ஆள் மருத்துவமனைக்கு வந்து சேரவில்லை. டெல்லி எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளியான தேசிய ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றிருக்கிறார். மீதி 37 பேர் எங்கே? வீட்டில்தான் இருக்கிறார்கள், குடும்பத்தின் அவமானத்துக்குள் ஒளிந்துகொண்டு. நம் வட்டாரத்துக் கூலித் தொழிலாளி சிதம்பரம் அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போக 25 கிலோமீட்டர். துணைக்கு மனைவியும் போனால் இரண்டு பேரின் ஒரு நாள் கூலி போச்சு. ஒரு தடவை போகலாம். மாதக்கணக்கில் தொடர்ந்து போக வேண்டிய சிகிச்சைக்கு எத்தனை தடவை போக முடியும்?

இதற்கு வழி காட்டிய ஊர் நம் டெல்டாவிலேயே இருக்கிறது. சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளை, குடவாசல் பக்கத்து மஞ்சக்குடி கிராமத்துக்கே மருத்துவர்களையும் ஆலோசகர்களையும் அனுப்பிச் சிகிச்சை முகாம் நடத்தியது. உள்ளூர்க்காரர்கள் துணை நின்றார்கள். சுமார் இரண்டு வாரம் முகாமிலேயே தங்கிச் சிகிச்சை, குழுவாக உட்கார்ந்து பேசுவது, குடும்பத்தாருக்குத் தனி ஆலோசனை, முகாம் முடிந்த பிறகும் தொடர்ந்து சந்திப்பது என்று அது நடந்தது. இந்த அனுபவம் 1994-இல் ‘அடிக்ஷன்’ என்ற சர்வதேச ஆய்விதழில் கட்டுரையாக வந்தது. குடிப்பவரைத் தெரிந்த ஊரே அவர் மீள்வதற்கும் காவலாக நின்றது என்பதுதான் அந்த முறையின் பலம். மஞ்சக்குடியில் முடிந்தது நம் வீராணம் ஏரிக் கரையில் முடியாதா?

“சிகிச்சைக்குப் போய் வந்தவன் மறுபடியும் குடிக்கத்தானே செய்கிறான்?” என்பது அடுத்த கேள்வி. பலர் குடிக்கிறார்கள், உண்மைதான். போதை நோய்களில் 40 முதல் 60 சதவீதம் பேர் சறுக்குவதாக ஆய்வுகள் சொல்கின்றன. இரத்த அழுத்தத்திலும் ஆஸ்துமாவிலும் ஏறக்குறைய அதே அளவில்தான் நோய் திரும்புகிறது. அந்த நோயாளிகளை யாரும் கைவிடுவதில்லை, மருந்தை மாற்றிப் பார்க்கிறோம். குடிநோயாளி ஒரு முறை சறுக்கினால் மட்டும் “இவன் திருந்தமாட்டான்” என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். சறுக்கியவருக்குத்தான் சிகிச்சை முன்னைவிட அதிகமாகத் தேவை.

“முதலில் கடையை மூடட்டும்” என்ற வாதத்தில் நியாயம் உண்டு. 2003 முதல் அரசே டாஸ்மாக் கடைகளில் சில்லறை விற்பனை செய்கிறது. 2023-24-இல் மட்டும் அதன் வருவாய் 45,000 கோடி ரூபாயைத் தாண்டியது. கடைகளைக் குறைக்கப் போராடுபவர்களோடு நாங்களும் நிற்கிறோம். ஆனால் 2020 ஊரடங்கில் கடைகள் ஒரே நாளில் மூடப்பட்டபோது, செங்கல்பட்டு பக்கம் வார்னிஷைக் குடித்துச் செத்தவர்களும் உண்டு. கடையை மூடுவதால் மட்டும் உடம்புக்குள் இருக்கும் நோய் குணமாகிவிடாது. கடை நாளை மூடப்பட்டாலும் சிகிச்சை வேண்டும். மூடப்படாவிட்டால் இன்றே வேண்டும்.

ஆகவே அரசிடம் இரண்டு கேட்கிறோம். 2025-இல் 25 அரசு மருத்துவமனைகளில் ‘கலங்கரை’ போதை மீட்பு மையங்களைத் திறந்த தமிழக அரசு, அந்தச் சேவையை வட்ட மருத்துவமனைகளுக்கும் கொண்டுவர வேண்டும். காட்டுமன்னார்கோயில் அரசு மருத்துவமனையில் வாரத்தில் ஒரு நாள், ஊரறிய அறிவித்து, குடிநோய் சிகிச்சையும் குடும்ப ஆலோசனையும் தடையின்றி நடக்க வேண்டும். ஊராட்சிகளையும் கோயில், பள்ளிவாசல், தேவாலய நிர்வாகங்களையும் கேட்கிறோம்: ஆண்டுக்கு ஒரு முகாமுக்கு மண்டபமும் சாப்பாடும் கொடுங்கள். வேலை கொடுப்பவர்களே, சிகிச்சைக்குப் போய் வந்தவரை மறுபடி வேலைக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள். கூலியை அவர் சம்மதத்தோடு குடும்பத்தார் கையில் கொடுங்கள். தாய்மார்களே, அக்கா தங்கைகளே, இது உங்கள் குற்றமல்ல, மறைக்காதீர்கள். 14446 என்ற தேசியப் போதை மீட்பு உதவி எண்ணும், 14416 என்ற மனநல உதவி எண்ணும் கட்டணமில்லாதவை. இன்றே ஒரு போன் போடுங்கள். குடியை விட்டவரை டீக்கடையிலோ கல்யாண வீட்டிலோ பார்த்தால் “ஒரே ஒரு கட்டிங்” என்று மட்டும் கூப்பிடாதீர்கள். இந்த ஊர் அவருக்குச் செய்யக்கூடிய முதல் உதவி அதுதான்.

இப்படிக்கு,
காட்டுமன்னார்கோயில் வட்டாரப் பொதுமக்கள் சிலர்