மாற்றல் உத்தரவும் பிள்ளைகளின் படிப்பும்

மாற்றல் உத்தரவு கைக்கு வந்ததும் நம் இல்லங்களில் முதலில் எழும் கவலை குழந்தைகளின் படிப்பைப் பற்றியதே. இக்கவலையைத் தீர்க்கவே மத்திய அரசு 1963ஆம் ஆண்டில், படைப்பிரிவுப் பள்ளிகள் 20-ஐ ஏற்று, இன்று கேந்திரிய வித்தியாலயம் எனப்படும் பள்ளிகளைத் தொடங்கிற்று. நாடெங்கும் ஒரே பாடத்திட்டமாதலால், இடையில் ஊர் மாறினும் படிப்பு அறுபடுவதில்லை. 2024 டிசம்பரில் மேலும் 85 பள்ளிகளுக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது.

தாங்கள் வாழும் ஊரில் இத்தகைய புதிய பள்ளி தோன்றுமாயின், பெற்றோர் இரண்டு செய்திகளை நினைவிற் கொள்க. பெரும்பாலும் முதலாண்டில் ஐந்தாம் வகுப்பு வரையே நடைபெறும். பின்னர் ஆண்டுக்கொரு வகுப்பாக வளரும். ஆதலின் ஒன்பதாம் வகுப்பிற்குச் செல்லும் பிள்ளைக்கு வேறு உயர்நிலைப் பள்ளியையும் பார்த்து வைத்தல் நலம். அடுத்து, சேர்க்கையில் மத்திய அரசு ஊழியரின் மக்களுக்கே முன்னுரிமை. ஏனையோர் எஞ்சும் இடங்களுக்கு விண்ணப்பிக்கலாம்.

பயிற்றுமொழி இந்தியும் ஆங்கிலமுமே. மொழிச் சிறுபான்மையினரின் தாய்மொழிக் கல்வி குறித்த அரசியலமைப்பின் 350அ பிரிவும் தொடக்கக் கல்வியோடு நின்றுவிடுகிறது. ஆகவே உயர்வகுப்புப் பிள்ளைகளின் தமிழுக்கு நாமே பொறுப்பு. பள்ளியில் இடம் கிடைத்த அன்றே, மாலையில் அரைமணி நேரத்தை வீட்டில் தமிழுக்கென ஒதுக்குங்கள். அடுத்த விடுமுறைக்கு ஊர் செல்லுமுன், பாட்டிக்குப் பிள்ளையே தன் கைப்படத் தமிழில் ஒரு கடிதம் எழுதட்டும்.