டிகிரி கையில், நைட் டியூட்டி தலையில்: புது நர்ஸின் முதல் வருடம் ஏன் இவ்வளவு கஷ்டம்?

தஞ்சை மாவட்டத்தின் அரசு தலைமை மருத்துவமனை இருப்பது கும்பகோணத்தில். தஞ்சாவூரில் இருப்பது மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. நர்சிங் முடிக்கும் டெல்டா பெண்கள் பலருக்கு இந்த இரண்டிலும் வேலை பார்ப்பது கனவு. ஆனால் முதல் வேலை கிடைப்பது பெரும்பாலும் ஏதாவது ஒரு சின்ன நர்சிங் ஹோமில்தான்.

பி.எஸ்சி நர்சிங் 4 வருடம், டிப்ளமோ 3 வருடம். இன்டர்ன்ஷிப்பும் அதற்குள்ளேயே முடிந்துவிடும். அப்புறம் என்ன பிரச்னை?

மாணவி ஊசி போடும்போது பக்கத்தில் டியூட்டரோ சீனியரோ நிற்பார். வேலைக்குச் சேர்ந்த சில நாளிலேயே நைட் டியூட்டி போட்டால், டாக்டர் போனில் சொன்ன மருந்தின் அளவு சரியா, பிபி இறங்கினால் யாரை எழுப்புவது, வாசலில் கத்தும் சொந்தக்காரருக்கு என்ன பதில் என்று எல்லாமே அவர் பொறுப்பு. தவறினால் பாதிக்கப்படுவது நோயாளி. இந்த அதிர்ச்சிக்கு அமெரிக்க ஆய்வாளர் மார்லின் கிராமர் 1974-லேயே 'ரியாலிட்டி ஷாக்' என்று பெயர் வைத்துவிட்டார்.

பிரிட்டனில் புது நர்ஸுக்கு ஆரம்ப மாதங்களில் வழிகாட்ட அனுபவமுள்ள ஒருவரை நியமிக்கும் முறை இருக்கிறது. நம்ம ஊர் சின்ன மருத்துவமனையில்? "அக்கா கூடவே நில்லு, பார்த்து கத்துக்கோ." அந்த அக்கா லீவு போட்டால் அதுவும் கிடையாது.

அக்காவையும் குறை சொல்ல முடியாது. பொது மருத்துவமனை வார்டில் 5 நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் கணக்கு. அதைவிடப் பல மடங்கு நோயாளிகளைப் பார்ப்பவருக்குச் சொல்லிக்கொடுக்க நேரம் ஏது?

அரசு வேலைக்கு வருவோம். 2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 7,243 நர்ஸ்களை ஒப்பந்தத்தில் எடுத்தது. மாதம் 7,700 ரூபாய், 2 வருடத்தில் நிரந்தரம் என்ற எதிர்பார்ப்பு. அது நடக்காததால் 2017 நவம்பரில் சென்னை டிஎம்எஸ் வளாகத்தில் போராட்டம் வெடித்தது. பின்னர் சம்பளம் 14,000 ஆனது. பணி நிரந்தரம் எல்லோருக்கும் உடனே வரவில்லை. இதில் அதிகம் பேசப்படாத நஷ்டம் ஒன்று உண்டு: வேலை கத்துக்கிட்டவர் நிலைக்காமல் வெளிநாட்டுக்கோ வேறு ஊருக்கோ கிளம்பினால், அடுத்து வரும் புதியவருக்குச் சொல்லித்தர அந்த வார்டில் ஆள் இருக்காது.

தனியாரில், 50 படுக்கைக்குக் குறைவான மருத்துவமனையிலும் குறைந்தது 20,000 ரூபாய் சம்பளம் தர வேண்டும் என்று, உச்ச நீதிமன்றம் 2016-ல் சொன்னதன்பேரில் அமைக்கப்பட்ட குழு பரிந்துரைத்தது. அது பரிந்துரைதான்; அமல்படுத்த வேண்டியது மாநிலங்கள்.

இந்த வருடம் முடிப்பவர்கள் சம்பளத்தோடு இன்னும் இரண்டையும் கேட்டுவிட்டுச் சேர்வது நல்லது: தனியாக நைட் டியூட்டி எத்தனை வாரம் கழித்து? அதுவரை கூட நிற்கப்போவது யார்?